துப்பாக்கிக்குள் போன குரல்

ஜாக்குலின் சுட்டால் சத்தம் வராது. இரும்புத் தட்டுகள் வரிசையாகச் சாயும், புகை எழும், அவ்வளவுதான். ரிவால்வரை நடுவில் மடக்கித் திறக்கும்போதுதான் காலித் தோட்டாக்களோடு வெடிச்சத்தம் அத்தனையும் ஒரேயடியாக வெளியே குதிக்கும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்குள் கௌபாய் தொப்பி மாட்டிக்கொண்டு போட்டி நடத்தும் கிளப்பில் முதலில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள், பிறகு பழகிவிட்டது. சிக்கல் ஒன்றுதான்: அங்கே டைமர் வெடிச்சத்தத்தைக் கேட்டுத்தான் நேரம் குறிக்கும். அதனால் ஜாக்குலின் துப்பாக்கியைத் திறக்கும் நொடிதான் அவள் சுட்டு முடித்த நொடி என்று நடுவர் செங்கல்வராயன் தீர்ப்புச் சொன்னார். அப்படியும் இறுதிச் சுற்றுவரை வந்துவிட்டாள், கெட்டிக்காரி.

அவள் புருஷன் ஜெபசிங்குக்குக் காது கேட்காது. செங்கல்பட்டுப் பக்கத்துக் கல்குவாரியில் வெடி வைத்தபோது போன காது. மகள் ரூத் பிறந்தது அதற்கப்புறம். அவள் குரலை ஒருநாளும் கேட்டதில்லையே என்பது அவனுக்குத் தீராத ஏக்கம். ஒரு பயிற்சியின்போது ஜாக்குலின் பக்கத்தில் நின்று துப்பாக்கியைத் திறக்க, அவன் திடுக்கிட்டுத் திரும்பி, "யாரு சுட்டது?" என்றான். வேறெதுவும் எட்டாத காதுக்கு அதிலிருந்து வருவது மட்டும் எட்டியது.

இறுதிச் சுற்றில், கயிற்றோரம் சாய்ந்து நின்ற ரூத் கடைசிக் குண்டோடு சேர்ந்து எதையோ கத்தினாள். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. அதுவும் உள்ளே போய்விட்டதென்று ஜாக்குலினுக்குப் புரிந்தது. திறக்கப்போன கை அப்படியே நின்றது.

"தொறம்மா, டைமர் ஓடிகினு கீது," என்று செங்கல்வராயன் பதறினார்.

அங்கேயே திறந்தால் கோப்பை அவளுக்கு. குரல் காற்றோடு போய்விடும். அவள் குழலைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டு, கூட்டத்தில் காதுமூடி போடாத ஒரே ஆளிடம் நடந்தாள். அவன் காதோரம் திறந்தாள். வெடிகள் வந்தன. அவற்றின் பின்னால் சின்னதாக ஒரு குரல்: "நைனா, அம்மா ஜெயிச்சிடுச்சு."

கூட்டத்தில் தொப்பிகள் ஒவ்வொன்றாகத் தலையிலிருந்து இறங்கின.

"உன் குரலு மாதிரியே கீது," என்று ஜெபசிங் மனைவியைப் பார்த்து அழுதான்.

கோப்பை நாவலூர் ஆபீஸ்காரர் ஒருவருக்குப் போனது. இப்போது ஞாயிறுதோறும் ஜாக்குலின் சுட, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு சேதியாக ரூத் கத்துகிறாள். "கணக்குல ஃபெயிலாமே?" என்று போன வாரம் ஜெபசிங் கோபித்துக்கொண்டான். கிளப்பிலேயே மெதுவாகச் சுடுகிறவள் இன்று ஜாக்குலின்தான். மகள் அடுத்த சேதியை யோசித்து முடிக்கும்வரை அவள் விசையை அழுத்துவதில்லை.