கட் சொன்ன பிறகு

அண்ணனுக்குத் தேசிய விருது என்று செய்தி வந்த அன்று பெரியப்பா போன் செய்து, படத்தில் ஹீரோ யார் என்று கேட்டார். சீலிங் ஃபேன் என்றேன். மறுபடி ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு, பரவாயில்லை, முதல் விருதுதானே, போகப் போக மனிதர்களை வைத்து எடுக்கட்டும் என்றார்.

மனிதர்களும் இருந்தார்கள். அண்ணனும் அண்ணியும்.

தேசிய விருதுகளில் விளம்பரக் குறும்படத்துக்கென்று ஒரு பிரிவு உண்டு. சோப்பு, வங்கி, சுற்றுலா, தடுப்பூசி என்று எதையாவது மக்கள் தலையில் கட்டுவதற்காக எடுக்கப்படும் படங்களில் நல்லதாக ஒன்றைப் பார்த்துக் கொடுப்பார்கள். பேப்பரில் விருதுப் பட்டியல் போடும்போது இந்தப் பிரிவு வருவதற்குள் இடம் தீர்ந்துவிடும். அம்மா தெருமுனைக் கடையில் இருந்த அத்தனை பேப்பரையும் வாங்கித் தேடினாள். எதிலும் அண்ணன் இல்லை. கடைசியில், "அச்சடிச்சவனுக்குக் கொடுத்துவைக்கல" என்று முடித்துக்கொண்டாள்.

அண்ணி வீட்டைவிட்டுப் போய் அப்போது ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் கழிந்திருந்தன. சண்டை எதுவும் நடக்கவில்லை. அதுதான் எங்கள் வீட்டுக்குப் பெரிய தொந்தரவு. நடந்திருந்தால் சமாதானம் பேசவாவது ஏதாவது அகப்பட்டிருக்கும். அண்ணி எக்ஸ்ரே டெக்னீஷியன். வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு பெட்டியோடு கிளம்பினார். அண்ணன் அன்று பிஸ்கட் விளம்பரம் ஒன்றின் எடிட்டிங்கில் இருந்தான். போனில் சொன்னதற்கு, "சரி, போய்ச் சேந்ததும் மெசேஜ் பண்ணு" என்றானாம். அண்ணி போய்ச் சேர்ந்ததும் ஒழுங்காக மெசேஜும் பண்ணினார். இது வெறும் மாற்றல் இல்லை என்று அவனுக்கு உறைக்க அதற்குப் பிறகும் வெகுநாள் ஆனது.

விருது என்றதும் அவன் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். இதை வைத்து அண்ணியைத் திரும்பக் கூட்டி வந்துவிட வேண்டும். தலைநகரத்துக்குப் போக எனக்கும் அவனுக்கும் இரண்டு டிக்கெட் போட்டான். வருவதற்கு மூன்று.

அண்ணி வருவதாகச் சொன்னாரா என்று கேட்டேன். விழாவுக்கு நேரே வந்துவிடுகிறேன் என்று சொன்னாள், அதற்கு என்ன அர்த்தம் என்று திருப்பிக் கேட்டான். விழாவுக்கு நேரே வந்துவிடுவார் என்று அர்த்தம் என எனக்குத் தோன்றியது. டிக்கெட் போட்டவனிடம் அர்த்தம் பேசி என்ன ஆகப்போகிறது, விட்டுவிட்டேன்.

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபேன் முதலாளி கொடுத்த பட்ஜெட்டில் ஃபேனைத் துடைக்கலாம், நடிகையைக் கூப்பிட முடியாது. அதனால் எங்கள் வீட்டுப் படுக்கையறைதான் செட். அதில் குடியிருந்தவர்களே நடிகர்கள். பட்டப்பகலில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்து ராத்திரி ஆக்கினோம். லைட்மேன் ஒருவர், கேமராமேன் ஒருவர், எடுத்ததைப் பார்த்துக்கொள்ள ஒரு மானிட்டர், மைக்கைக் கம்பின் நுனியில் கட்டிக் கட்டில்மேல் தூக்கிப் பிடிக்க நான். அன்றிலிருந்து அண்ணி என்னை மைக்கு என்றுதான் கூப்பிடுவார். கல்லூரியில் மூன்று வருடம் சினிமா படித்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது.

கதை சின்னது. கணவனும் மனைவியும் படுத்திருக்கிறார்கள். மேலே ஃபேன் சுற்றுகிறது, சத்தமே இல்லை. அந்த அமைதியில், பக்கத்தில் இருப்பவள் தூங்கவில்லை என்று கணவனுக்குத் தெரிந்துவிடுகிறது. "என்ன யோசிக்கிற?" என்று கேட்கிறான். அவள் திரும்பிப் பார்க்கிறாள். அவளுக்கு வசனம் கிடையாது. ஃபேன், கம்பெனி பெயர், முடிந்தது. கம்பெனி அனுப்பிய ஃபேன் மரம் அறுக்கிற மாதிரி சத்தம் போட்டது என்பதையும், அதைப் பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து துடைத்தெடுத்தோம் என்பதையும் விருதுக் குழுவிடம் யாரும் சொல்லவில்லை.

யூனிட்டில் அண்ணனுக்கு ஒன்மோர் என்று பெயர். எந்த டேக் எவ்வளவு நன்றாக வந்தாலும், "சூப்பர், ஒன் மோர்" என்பான். கேமராமேனுக்கு அவன் போட்டிருந்த சட்டம் ஒன்றுதான். நான் கட் சொன்னாலும் நீ கேமராவை நிறுத்தாதே. கட் என்று காதில் விழுந்ததும் முகத்திலிருந்து நடிப்பு இறங்கிவிடுமாம். அதற்கப்புறம் வருகிற இரண்டு மூன்று விநாடி மட்டும்தான் நிஜமாம். பிஸ்கட் விளம்பரத்தில் ஒரு குழந்தை அப்படியொரு சிரிப்புச் சிரிக்குமே, அது கட் சொன்ன பிறகு எடுத்தது. பிஸ்கட்டைத் துப்பலாம் என்று அனுமதி கிடைத்த சந்தோஷம்.

ஃபேன் படத்திலும் அப்படி ஒரு துண்டு கிடைத்தது. எடிட்டிங் அறைக்கு என்னையும் கேமராமேனையும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். தலையணையில் அண்ணியின் முகம். கண்கள் முதலில் பக்கத்திலேயே, மிக அருகில் நிற்கின்றன. பிறகு மெதுவாக மேலே எழுந்து, எதையோ விடாமல் பிடித்துக்கொண்டே போவதுபோல் நகர்ந்து, ஓரிடத்தில் நிலைக்கின்றன. உதடு திறக்கப் பார்த்து, மூடிக்கொள்கிறது.

"என்னைப் பாக்குறாடா" என்றான் அண்ணன். "கட்டுக்கு அப்புறம். நடிப்பே இல்ல."

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. கேமராமேன் வெளியே போய்த் தன் மனைவிக்குப் போன் செய்து, சும்மாதான் கூப்பிட்டேன் என்றார். அந்தம்மா பயந்துபோய் என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார். அண்ணன் அந்தத் துண்டை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தான். எங்கே வெட்டுவது, எவ்வளவு நீட்டுவது, வெளிச்சத்தை எவ்வளவு இறக்குவது என்று. அண்ணி சாப்பிடக் கூப்பிட்டால், "இரு, உன்னைத்தான் பாத்துட்டிருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகை நடந்தது. தலைமை விருந்தினர் நிற்க வேண்டிய இடத்தில் ஓர் அலுவலர் நின்று வெறும் கையை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு, புகைப்படத்துக்கு நின்று, இடப்பக்கமாக இறங்க வேண்டும். அண்ணன் வெறும் கையை வாங்கினான், நின்றான், இறங்கினான். இறங்கியதும் ஒன் மோர் கேட்டான். பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள் என்று அலுவலர் மறுத்துவிட்டார்.

மறுநாள் அண்ணி வந்தார். சாம்பல் நிற உடை, தோளில் ஒரு சின்னப் பை. ஒரு நாளைக்கு மட்டும் கிளம்பி வந்தவர்களின் பை அது. அண்ணன் அதைப் பார்க்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது, எக்ஸ்ரே எடுத்து அனுப்பச் சொன்னேனே என்று கேட்டார். ஃபேன் முதலாளி இருவரையும் ஒரு ஃபேனுக்கடியில் நிற்கவைத்துப் படம் எடுக்க ஆசைப்பட்டார். அது ஏசி அரங்கம். முழுக்கத் தேடியும் ஒரு ஃபேன்கூட இல்லை.

எங்கள் பிரிவு ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. முக்கியமானவர்கள் அப்போது காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். இல்லற வாழ்வின் பேசப்படாத நேசத்தை ஒரே பார்வையில் உணர்த்தியமைக்காக என்று அறிவிப்பாளர் குரலைக் குழைத்து வாசித்தார். பெரிய திரையில் அந்தத் துண்டு ஓடியது. அரங்கமே ஒரு பெருமூச்சு விட்டது. நான் ஓரக்கண்ணால் அண்ணியைப் பார்த்தேன். வெளிச்சத்துக்கு எதிரே எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாரே, அதே முகம். அண்ணன் பதக்கம் வாங்கியபோது நன்றாகக் கைதட்டினார்.

வெளி நடையில் காபி கொடுத்தார்கள். அண்ணன் என்னிடம் சான்றிதழைத் தந்துவிட்டு அண்ணிக்குக் காபி எடுத்து வந்தான். சட்டம் போட்ட சான்றிதழ், கனமானது. அதைக் கீழே வைக்கவும் முடியாமல் நகரவும் முடியாமல் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

மூன்று டிக்கெட் போட்டிருப்பதாக அண்ணன் சொன்னான். அண்ணி தனக்கு நாளைக்கு டியூட்டி இருக்கிறது என்றார். லீவு சொல்லிக்கொள்ளலாமே என்றான். தன் டிக்கெட் பையில் இருப்பதாகச் சொன்னார். கோபமே இல்லாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல.

அண்ணன் கையிலிருந்த கடைசித் துருப்புச்சீட்டை இறக்கினான்.

"அத்தன பேரு பாத்தாங்க. முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கே புரியுது. நீ என்னைப் பாத்தியே, அது பொய்யா?"

"பொய் இல்ல" என்றார் அண்ணி.

அண்ணன் முகத்தில் அந்த ஒரு நிமிடம் வந்த வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பதக்கம் வாங்கும்போதுகூட.

"கட்டுக்கு அப்புறம் வர்றதுதான் நெஜம்னு நீதானே சொல்லுவ" என்று அண்ணி தொடர்ந்தார். "என்ன யோசிக்கிறன்னு அன்னிக்கி எத்தன தடவ கேட்ட. ஒவ்வொரு தடவையும் நெஜமாவே தெரிஞ்சுக்க ஆசைப்படுற மாதிரி கேட்ட. கேமரா இல்லாதப்ப நீ அத ஒரு நாளும் கேட்டதில்ல. கடைசி டேக்ல, சரி, சொல்லிடலாம்னு திரும்பினேன். நீ கட் சொல்லிட்டு எழுந்து மானிட்டர் பாக்கப் போயிட்ட."

"அப்ப அந்தப் பார்வை?"

"நீ எழுந்து போறதப் பாத்தேன். சரி, நாமளும் போயிடலாம்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். அறையை மனதில் வைத்துப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. கட்டில் இங்கே, கேமரா இங்கே.

"மானிட்டர் கதவுகிட்ட இருந்துச்சு" என்றான் மெதுவாக.

"ஆமா."

"ரெண்டு மாசம் பாத்தேன் அந்த ஷாட்ட. ஒரு ஒரு ஃப்ரேமா பாத்தேன்."

"ஷாட்டத்தான் பாத்த."

பக்கத்தில் யாரோ ஒரு ஒப்பனைக் கலைஞரைச் சூழ்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். மூவரும் தள்ளி நின்றோம்.

"அன்னிக்கி என்ன சொல்ல வந்த?" என்று அண்ணன் கேட்டான்.

அண்ணி யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார், அது எனக்குத் தெரியும்.

"ஞாபகம் இல்ல" என்றார். "பெருசா ஒண்ணும் இருந்திருக்காது."

காலிக் காகிதக் கோப்பையை என் கையிலிருந்த சான்றிதழ்மேல் வைக்கப் போய், சிரித்து, குப்பைத்தொட்டியில் போட்டார். "வரேன் மைக்கு" என்றார். அண்ணனின் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் படியிறங்கினார். அண்ணன் பின்னாலேயே போவான் என்று நினைத்தேன். நின்ற இடத்திலிருந்து, அவர் டாக்ஸியில் ஏறி, டாக்ஸி வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் கடைசியாக மாறி ஏறிய ரயிலில் நடுச் சீட் காலியாக இருந்தது. ஆள் வருமா என்று ஒரு பெரியவர் கேட்டார். வருவார்கள் என்றான் அண்ணன். பெரியவர் கதவோரம் போய் நின்றுகொண்டார். இரண்டு ஸ்டேஷன் போனதும் அண்ணனே எழுந்து போய் அவரைக் கூட்டி வந்து உட்காரவைத்தான். அவர் எங்கள் ஊர்வரைக்கும் அவன் தோளில் சாய்ந்து தூங்கினார்.

அம்மா வாசலிலேயே நின்றாள். எங்கள் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று ஆட்டோவை எட்டிப் பார்த்தாள். அண்ணிக்கு டியூட்டி என்று அண்ணன் சொன்னான். அதோடு விட்டுவிட்டான்.

ஃபேன் முதலாளி விடவில்லை. தேசிய விருது பெற்ற விளம்பரம் என்று மூலையில் ஒரு முத்திரை குத்தி எல்லாச் சேனலிலும் ஓட்ட ஆரம்பித்தார். அதுவரை செல்போனில், கண்ணாடி போடாமல் பார்த்திருந்த அம்மா முதன்முதலாக டீவியில் பார்த்தாள். அன்று நாங்கள் மூவருமே கூடத்தில் இருந்தோம். செய்தி முடிந்து அது வந்தது. அம்மா கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"எப்படிப் பாக்குறா பாரு உன்ன" என்றாள். "இப்படிப் பாக்குறவ எங்க போயிடப் போறா. வந்துடுவாடா."

பேச்சை மாற்றலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அண்ணன் முந்திக்கொண்டான்.

"இல்லம்மா. அது போறப்ப பாக்குறது."

அம்மாவுக்கு விளங்கவில்லை. அண்ணன் சோபாவிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவியாளருக்குச் சொல்வதுபோல நிதானமாக விளக்கினான். கட்டில் எங்கே இருந்தது, கேமரா எங்கே, மானிட்டர் எந்தப் பக்கம், தான் எப்போது கட் சொன்னான், சொல்லிவிட்டு எந்தப் பக்கமாக எழுந்து போனான். நான் டீவியை அணைக்க ரிமோட்டை எடுத்தேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

சீரியல் ஓடியது. யாரும் பார்க்கவில்லை. நடுவில் பற்பசை வந்தது, கார் வந்தது, கடன் தருகிற வங்கி வந்தது. பிறகு இருட்டான எங்கள் படுக்கையறை வந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். திரையில் அண்ணியின் முகம் தலையணையில் திரும்பியது.

"இப்ப நான் எழுந்து போறேன் பாரும்மா" என்றான் அண்ணன்.