மலையின் காலடியில் ஒரு கோழிக்கூண்டு

ஜிபெக் அல்மாட்டி நகரில், மின்கம்பியைப் பிடித்துப் போகும் டிராலி பஸ் ஓட்டுகிறவள். நகரத்தின் ஒவ்வொரு வளைவும் அவளுக்கு அத்துப்படி. அவள் புருஷன் ஒராஸ்பெக், அதே நகரத்தைக் கோணல்மாணலாக வரைந்து பேர் வாங்கிய ஓவியர். அவர் படத்தில் தெருக்கள் நெளியும், வீடுகள் குடிகாரர்களாகச் சாய்ந்து நிற்கும், அவளுடைய பஸ்ஸுக்குக் கூரையில் ஆட்டுக்கொம்பு முளைத்திருக்கும். "அதுக்கு பிரேக்காவது இருக்கா?" என்று கேட்பாள்.

அவளுக்கென்று இருந்தது சமையலறை ஜன்னலில் தெரியும் மலை ஒன்றுதான். காலையில் பால் டீயோடு அதைப் பார்ப்பாள். உச்சியில் மேகம் குந்தியிருந்தால் குடை எடுப்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் மலை அவளை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. புருஷனைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே பதினாறு மாடி கட்டப்போவதாகப் பெய்சென் என்ற கட்டட முதலாளி பலகை நட்டான். குடியிருப்பே கொதித்தது. மலையை மறைக்கக் கூடாதென்று மனு எழுதி, பேர்போன ஆளாயிற்றே என்று முதல் கையெழுத்தை ஒராஸ்பெக்கிடம் வாங்கினார்கள். அவர் அதோடு நின்றாரா? படமும் போட்டார். மலை வானத்தை முட்டிக்கொண்டு நிற்க, அதன் கால்விரல் பக்கத்தில் பெய்செனின் கட்டடம் கோழிக்கூண்டு அளவில். பலகையிலிருந்த பேரைக்கூட விடவில்லை. கண்காட்சிக்கு வந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மூன்றாம் நாள் படம் விற்றுப்போனது.

"யாரு வாங்கினாங்க?"

"பெய்சென்தான். தன்னைக் கேலி பண்ணியிருக்குன்னுகூடத் தெரியாம தூக்கிட்டுப் போறான், மடப்பய."

"அவன் மடையன் இல்லைங்க," என்றாள் ஜிபெக்.

பள்ளிக்கூட மண்டபத்தில் நகராட்சி அதிகாரி ஒருவர் மனுமேல் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினார். பெய்சென் பதறவே இல்லை. படத்தைக் கொண்டுவந்து அதிகாரியின் மேஜைமேல் வைத்துவிட்டு ஒராஸ்பெக் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, இதுல இருக்கிறது உங்க கையெழுத்துதானே? மனுவுல முதல்ல இருக்கிறதும் இதேதானே?"

"ஆமா."

"நம்ம கட்டடம் மலையோட கால்விரலுக்குக்கூட எட்டலையே. அப்புறம் எதை மறைக்குதாம்?"

அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஐயா, ஒரே வார்த்தையில சொல்லிடுங்க. இந்தப் படம் பொய்யா?"

ஆமாம் என்றால் பெய்செனின் வாதம் அதோடு தீர்ந்தது. ஜிபெக் புருஷனின் விலாவில் இடித்தாள். "பொய்ன்னு சொல்லித் தொலைங்க. எங்கிட்ட எத்தனை பொய் சொல்லியிருக்கீங்க, இங்க ஒண்ணு சொன்னா குறைஞ்சா போயிடும்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஒராஸ்பெக் எழுந்து நின்றார். முப்பது வருஷமாகப் பேட்டிகளில் சொல்லிவந்தது தொண்டையில் தயாராக இருந்தது.

"என் கண்ணு பார்த்ததைத்தான் நான் வரைவேன். இதுவரைக்கும் ஒரு பொய்யும் வரைஞ்சதில்லை."

பெய்சென்தான் முதலில் கைதட்டினான்.

கட்டடம் எழும்பிவிட்டது. ஜிபெக்கின் சமையலறையில் பகலிலும் விளக்கு எரிகிறது. ஒராஸ்பெக் இப்போது வைராக்கியமாக அதை உள்ளது உள்ளபடி, பதினாறு மாடியும் எண்ணி வரைகிறார். சிரிக்கவும் ஆளில்லை, வாங்கவும் ஆளில்லை.

பழைய படம் எதிர்க்கட்டடத்தின் முன்கூடத்தில் தொங்குவதாகக் கேள்விப்பட்டு, ஒருநாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஜிபெக் அதன் கண்ணாடிக் கதவைத் தட்டினாள்.

"யாரைம்மா பார்க்கணும்?" என்றார் காவலாளி.

"மலையை."

"அது இங்க குடியிருக்கிறவங்களுக்கு மட்டும்தாம்மா."

அவள் திரும்பி நடந்தாள். டிப்போ போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குடை வீட்டில் இருந்தது.