வேப்பமரக் கட்டில்

ரெத்தினம் கால்பக்கம் பிடித்தார். செம்மொழி அம்மாவின் அக்குளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். அம்சம் கட்டிலிலிருந்து தரைக்கு இறங்கினாள். கீழே ஒரு கோரைப்பாய், அதன்மேல் ஒரு பழைய புடவை. மார்கழி மாதம், காலை ஏழு மணி. சிமெண்ட் தரை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரெத்தினம் அம்சத்தின் தம்பி. ஊரில் யாருக்கு மூச்சு இழுத்தாலும் முதல் ஆளாக வந்து, எந்த நேரத்தில் கீழே இறக்குவது என்று சொல்பவர். அன்றைக்குச் சொந்த அக்காவுக்கே சொன்னார். கட்டிலில் உயிர் போனால் கட்டிலும் பாடையோடு போய்விட வேண்டும், வீட்டில் வைக்கக்கூடாது என்பது நம் ஊர் முறை. பழைய கயிற்றுக் கட்டிலாக இருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். இது வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது.

அம்சமே சொல்லி வைத்திருந்தாள். "இழுத்துக்கிட்டுக் கெடந்தா கீழ எறக்கிப்புடு. நல்ல சாமானா இருக்கு. ஒனக்கு ஆவும்." நாற்பது வருஷம் நடவுக்குக் குனிந்தவள், கட்டிலில் படுத்ததே இந்த ஒன்பது நாள்தான். செம்மொழி அப்போது பதில் சொல்லவில்லை. அதுவே சம்மதம் என்று ஆகிவிட்டது.

கட்டிலைப் பற்றித் தெருவில் எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது. தஞ்சாவூர் ஷோரூமில் எடுத்திருக்கலாம், தவணை உண்டு, தலையணை சும்மா தருகிறான் என்றது ஒரு கட்சி. சாகப்போகிறவளுக்குக் கட்டில் எதற்கு என்றது இன்னொரு கட்சி. இந்தக் கட்சியில்தான் ஆள் அதிகம். செம்மொழி ஷோரூமுக்குப் போகாமல் இல்லை. கூட்டுறவு சங்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை அவளுக்கு. லீவு போட்டு மூன்று கடை ஏறி இறங்கினாள். மேலே கண்ணாடி மாதிரி மின்னியது. அடியில் கையை விட்டுத் தடவினால் மரத்தூள் விரலில் ஒட்டியது. "தண்ணி மட்டும் படாம பாத்துக்குங்க மேடம்" என்றார் கடைக்காரர். படுத்த படுக்கையாகக் கிடப்பவளைக் குளிப்பாட்டும் வீட்டில் அது எப்படி முடியும்? தேக்குக்கோ அவள் சம்பளம் எட்டாது. கடைசியில் மன்னார்குடி ரோட்டில் காதர் மைதீன் பட்டறைக்குப் போனாள். "தேக்கப் பாக்காதீங்கம்மா, வேம்புல போட்டுத் தாரேன். பூச்சி அண்டாது, தண்ணிக்கும் பயமில்ல" என்றார் அவர். பதினோராயிரம். கட்டில் வண்டியிலிருந்து இறங்கும் முன்பே விலை தெருவுக்குத் தெரிந்திருந்தது. எப்படி என்று கேட்கக்கூடாது.

இறக்கினால் அரைமணியில் அடங்கிவிடும் என்று ரெத்தினம் சொல்லியிருந்தார். எட்டு மணி ஆயிற்று, பத்து ஆயிற்று. அம்சம் போகவில்லை.

பார்க்க வந்தவர்களுக்கு உட்கார இடம் வேண்டுமே. வீட்டில் இருந்தது இரண்டு நாற்காலி. எதிர்வீட்டுப் பூவிழிதான் முதலில் கட்டிலின் ஓரத்தில் பட்டும் படாமல் உட்கார்ந்தாள். மதியத்துக்குள் அதில் நாலு பேர். கீழே கிடந்தவளின் தலை அவர்கள் காலுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

"ஆட்டமே இல்ல பாரேன்" என்று பூவிழி இடுப்பை அசைத்துப் பார்த்தாள்.

"எங்க எடுத்தாளாம்?"

"மன்னார்குடி ரோட்ல, பாய் பட்டறையில."

"எம் மருமவன் பதினாறு குடுத்து ஒண்ணு வாங்கிப் போட்டாரு. ஒரு மழை. ஊறி உப்பிப் போச்சு."

"நல்லவேள, நேரத்துல எறக்குனாங்க. இல்லாட்டி இதும்ல போயிருக்கும்."

சொன்னவள் புடவைத் தலைப்பால் கண்ணையும் ஒற்றிக்கொண்டாள். இரண்டையும் ஒன்றாகச் செய்ய நம் தெருவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

செம்மொழி எல்லாருக்கும் டீ கொடுத்தாள். யாராவது விலை கேட்டால் சொன்னாள். நடுநடுவே குனிந்து அம்மாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. அது சாவின் குளிரா, தரையின் குளிரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு அம்சத்தின் உடம்பு ஒருமுறை நடுங்கியது. மூச்சு அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

"மாமா, மேல படுக்க வச்சுரலாம்."

"எறக்குனத ஏத்தக்கூடாது புள்ள."

"ஏத்துனா?"

"கட்டில் போயிரும்."

"போவட்டும்."

"அக்காவே சொல்லிச்சே, ஒனக்கு ஆவும்னு."

"அதுக்குக் குளுருது மாமா."

ரெத்தினம் சுவரைப் பார்த்தார். செம்மொழி கட்டிலின் முன்னால் போய் நின்றாள். "எந்திரிங்க" என்றாள். சத்தம் போடவில்லை. பூவிழி டீ கிளாஸோடு எழுந்தாள். அடுத்து இரண்டு பேர் எழுந்தார்கள். கடைசி ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கால் மரத்துவிட்டது என்று பிறகு சொல்லிக்கொண்டாள்.

தனியாகத் தூக்கப் பார்த்தாள் செம்மொழி. முடியவில்லை. ரெத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கால்பக்கம் பிடித்தார்.

அம்சம் அதன்பிறகு மூன்று மணி நேரம் இருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் அடங்கினாள். போர்வைக்குள் பாதத்தில் கொஞ்சம் சூடு ஏறியிருந்ததாகச் செம்மொழி சொன்னாள். அவளைத் தவிர யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் பாடைக்குப் பின்னால் கட்டிலும் ஆற்றங்கரைக்குப் போனது. பிணத்தைவிட இதுதான் கனம் என்று தூக்கிப் போனவர்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பூவிழி வந்தாள். வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"தப்பா எடுத்துக்காதக்கா. எங்க மாமியாருக்கும் கீழ ஒக்காந்தா எந்திரிக்க முடியல. அந்தப் பட்டறைக்கு எப்புடிப் போறது?"

"பெட்ரோல் பங்க் தாண்டி எடதுகைப் பக்கம். வேம்புன்னு கேளு. குறுக்குச் சட்டம் ஒண்ணு கூடப் போடச் சொல்லு."

"எவ்ளோ ஒசரம்னு சொல்லட்டும்?"

செம்மொழி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையைத் தரையில் வைத்து மெல்ல மேலே கொண்டுபோனாள். ஒரு இடத்தில் நிறுத்தி, யோசித்து, ஒரு விரற்கடை தாழ்த்தினாள்.

"இவ்ளோ."

பூவிழி அதைத் தன் முழங்காலோடு ஒட்டிவைத்துப் பார்த்து அடையாளம் செய்துகொண்டு கிளம்பினாள். செம்மொழியின் கை அந்த உயரத்திலேயே இருந்தது.