பையில் இருந்த பெயர்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஜனங்கள் எங்கே வேண்டுமானாலும் துப்புவார்கள். தூணில் துப்புவார்கள். 'இங்கே துப்பாதீர்' என்று எழுதிய இடத்தில் குறி பார்த்துத் துப்புவார்கள். கிளம்பிய பஸ்ஸின் ஜன்னல் வழியாக, கீழே நிற்பவன் தலையைப் பற்றிக் கவலையே இல்லாமல் துப்புவார்கள். ஏறுகிறவன் இறங்குகிறவனுக்கு வழிவிட மாட்டான். கைக்குழந்தையோடு நிற்கிறவளை முழங்கையால் ஒதுக்கிவிட்டுப் போய், கர்ச்சீப் போட்டுப் பிடித்த சீட்டில் ஜம்மென்று உட்காருவான். கேட்டால், "உங்கப்பன் வூட்டு பஸ்ஸா?" என்பான். இதையெல்லாம் தினமும் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எருமைத் தோல் வேண்டும். ஜெயசீலனுக்கு அது வாய்க்கவில்லை.

ஜெயசீலன் அங்கே மைக்கில் அறிவிப்பு சொல்கிறவன். கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன மாடி அறையில் ஒரு விளம்பரக் கம்பெனி அவனை உட்கார வைத்திருந்தது. துறையூர் பஸ் எங்கே நிற்கிறது, ஜெயங்கொண்டம் பஸ் எப்போது எடுக்கும் என்று சொல்லுவான். நடுநடுவே ஜவுளிக்கடை விளம்பரம் படிப்பான். நல்ல கணீர்க் குரல். ஒரு நாள் மத்தியானம், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு வேட்டியைத் தூக்கிய ஒருத்தனைக் கண்டதும் அவன் பொறுமை அறுந்துபோனது.

"தூணு பக்கத்துல செவுத்தப் பாத்து நிக்கிற நீலச்சட்ட அண்ணே, உங்களத்தாங்க. கொஞ்சம் திரும்புனீங்கன்னா கழிப்பறை இருக்கு. அந்தச் செவுரு உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணுச்சு?"

பஸ் ஸ்டாண்டே சிரித்தது. நீலச்சட்டை வேட்டியை அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடியே போனான். அன்று டீக்கடையிலிருந்து கேட்காமலே டீ மேலே வந்தது.

அதற்கப்புறம் ஜெயசீலனை யார் பிடிப்பது? வரிசையில் புகுந்தவனை அழைத்தான். கண்டக்டரை வாடா போடா என்று பேசியவனை அழைத்தான். யாரையும் மரியாதைக் குறைவாகப் பேச மாட்டான். 'ங்க' போட்டுத்தான் பேசுவான், அந்த 'ங்க'வுக்குள் ஊசி இருக்கும். வாய் நிறைய வெற்றிலை வைத்திருப்பவன் துப்புவதற்கு முன்னால் ஒரு தடவை ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் விழுங்கினான். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் படிக்கட்டில் வழி கிடைத்தது. நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? அங்கேயே நின்றிருக்கலாம்.

கீழே செல்போன் கடை வைத்திருந்த அறிவரசன் அதை அங்கே நிற்க விடவில்லை. மைக்கில் ஆளை அடையாளம் சொன்னதும், அவனும் அவன் கூட்டாளிகளும் அந்த ஆளைச் சுற்றி வளைத்துக்கொள்வார்கள். "கையக் கூப்புங்க. இனிமே துப்ப மாட்டேன்னு சொல்லுங்க. போனப் பாத்துச் சொல்லுங்க." அது வாட்ஸப்பில் ஊர் ஊராகப் போகும். ஒரு நாள் ஒரு கல்லூரிப் பையன் கைகூப்பி நிற்கும்போது அவன் விரல்கள் வெடவெடவென்று நடுங்கியதை ஜெயசீலன் மேலேயிருந்து பார்த்தான். அடுத்த பஸ்ஸை அறிவித்துவிட்டு அதை மறந்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, தரை கூட்டும் முத்தாயி பிளாட்பாரத்தைப் பளிச்சென்று கூட்டி முடித்து நிமிர்ந்தாள். அவள் காலடியிலேயே ஒருத்தன் வெற்றிலைச் சாற்றைப் புளிச்சென்று துப்பினான். "இப்பத்தானே கூட்டுனேன், கொஞ்சம் தள்ளித் துப்பக் கூடாதுங்களா?" என்று கேட்டதற்கு, "கூட்டறவதானேடி நீ, கூட்டு" என்று சொல்லிவிட்டு, அவள் பிறப்பையும் இழுத்து மாடிவரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னான். சொன்னவன் ஆற அமர நடந்துபோய்த் துறையூர் பஸ்ஸில் ஏறினான்.

ஜெயசீலனுக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்த ஆளின் முகம் தெரியவில்லை. கையில் தொங்கிய மஞ்சப்பைதான் தெரிந்தது. கல்யாண வீட்டில் தேங்காய் வெற்றிலை போட்டுக் கொடுக்கிற தாம்பூலப் பை. சிவப்பு எழுத்தில் கொட்டை கொட்டையாக அச்சடித்திருந்தது: 'கலையரசி – பிரசாத் திருமண விழா. செல்லதுரை இல்லம், அரும்பாவூர்.'

மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டான். "துறையூர் பஸ்ல ஏறுன அரும்பாவூர் செல்லதுரை அண்ணே, உங்களத்தாங்க. மக கல்யாணத்துக்கு ஊரையே கூப்ட்டுப் பை குடுக்கத் தெரிஞ்ச உங்களுக்கு, கூட்டுற பொம்பளைகிட்ட எப்பிடிப் பேசணும்னு தெரியலையே. இதான் உங்க வூட்டுப் பழக்கமா? உங்க வூட்டுப் பொம்பளைங்கள நெனச்சா பாவமா இருக்குங்க."

ஜனங்கள் விசில் அடித்தார்கள். பஸ் அதற்குள் வெளியே போய்விட்டது. அறிவரசன் கடை வாசலில் நின்று போனை உயர்த்திப் பிடித்து அத்தனையையும் பதிவு செய்துகொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் முத்தாயி விளக்குமாற்றை வாசலில் சாத்திவிட்டு மாடிக்கு வந்தாள். தனக்காகப் பேசியதற்கு நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று ஜெயசீலன் நினைத்தான். அவள் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

"என்ன சார் இப்பிடிப் பண்ணிப்புட்டீங்க? பையில பேர் இருந்தா அவன்தான் செல்லதுரையா? என் வூட்ல ஆணியில எத்தன ஊருப் பை தொங்குது தெரியுமா? நான் எல்லா வூட்டுக்கும் சம்பந்தியா?"

ஜெயசீலன் தன் காலடியைப் பார்த்தான். அவன் சாப்பாட்டுத் தூக்கு இருந்த பையில் யாரோ ஒரு திருமானூர்க்காரன் வீட்டுக் காதுகுத்து அச்சடித்திருந்தது. அந்த ஆளை அவன் பார்த்ததுகூட இல்லை.

"சரி விடு, யாரு வந்து கேக்கப் போறா" என்றான்.

மறுநாள் காலையில் ஒரு மனிதர் வந்து பிளாட்பாரத்தில் நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பஸ்கள் வந்தன, போயின. அவர் ஏறவில்லை. உட்காரவும் இல்லை. ஜெயசீலனின் கண்ணாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ஜெயசீலன் ஆத்தூர் பஸ்ஸை அரியலூர் பஸ் என்று அறிவித்தான். வெயில் ஏறி இறங்கியது. சாயங்காலம் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாளும் அதே இடத்தில் நின்றார். யார் என்று ஜெயசீலனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கவும் பயமாக இருந்தது. படியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவைப் பார்த்தான். மத்தியானம் அந்தச் சத்தம் வாசல் வரைக்கும் வந்து நின்றது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிற ஓசை கேட்டது.

"உள்ள வரலாங்களா?"

அவனுடைய அறைக்குள் வர இதுவரை யாரும் அனுமதி கேட்டதில்லை. ஜெயசீலன் எழுந்து நின்றுவிட்டான்.

"நான் அரும்பாவூர் செல்லதுரைங்க. அன்னிக்கு நான் பெரம்பலூருக்கே வரலைங்க. வயக்காட்டுல வெங்காயம் புடுங்கிக்கிட்டு இருந்தேன். மூத்த பொண்ணு கலையரசி கல்யாணத்துல வந்த சனத்துக்கெல்லாம் பை குடுத்தோம். அதுல எந்தப் பை எவன் கையில இருக்குன்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்?"

ஜெயசீலன் தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினான், அவர் உட்காரவில்லை.

"சின்னவ சத்யாவ ஒடையார்பாளையத்துல ராசாங்கம்னு ஒருத்தர் மகனுக்குப் பேசி முடிச்சிருக்கோம். அடுத்த வெள்ளிக்கெழம பூ வைக்கணும். நீங்க பேசுனது அவங்க போனுக்கும் போயிருக்கு. 'பொம்பளைய இப்பிடிப் பேசுற வூடாமே'ன்னு கேக்கறாங்க. நேத்து ராத்திரி பைக்குல பசங்க வூட்டு வாசலுக்கு வந்துட்டானுவ. போனப் பாத்துக் கையக் கூப்புன்னானுவ. நான் பண்ணலையேப்பான்னேன். திரும்ப வருவோம்னு சொல்லிட்டுப் போயிருக்கானுவ. எம்பொண்ணு சோறு திங்கலைங்க."

அவர் குரல் ஒரு இடத்தில்கூட உயரவில்லை. "அதே மைக்குல, அதே சத்தத்துல, அது செல்லதுரை இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. நாளைக்குக் காலைல ராசாங்கத்தையும் கூட்டிக்கிட்டு வரேன். அவர் காதுல விழுந்தா போதும். வேற ஒண்ணும் வேணாங்க எனக்கு."

மைக் மேசையிலேயே இருந்தது. கை நீட்டினால் எட்டும். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஊரே தன்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது என்று ஜெயசீலன் நினைத்தான். இன்றைக்கு ஒரு தப்பை ஒத்துக்கொண்டால், நாளைக்கு நீலச்சட்டைக்காரன் முதல் ஆளாக வந்து சிரிப்பான். ஊருக்கெல்லாம் மரியாதை சொல்லிக் கொடுத்த வாய்க்கு, 'மன்னிச்சிடுங்க' என்ற ஒரு சொல் அப்போது வரவில்லை. வெட்கக்கேடு.

"நாளைக்குச் சொல்லிடறேங்க" என்றான்.

செல்லதுரை கும்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஜெயசீலன் செல்போன் கடைக்குப் போனான். "அந்த அரும்பாவூர் பதிவ அழிச்சிடு தம்பி. ஆளு வேறயாம்."

அறிவரசன் ஒரு போனின் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "யாரு சொன்னா?"

"அவரே வந்தாரு. ரெண்டு நாளா கீழ நின்னுக்கிட்டு இருந்தாரு. இன்னிக்கு மேல வந்தாரு."

"மேலயா? உங்க ரூமுக்கா?" அறிவரசன் திருப்புளியைக் கீழே வைத்தான். "மெரட்டுனானா?"

"மெரட்டலாம் இல்லப்பா. நாளைக்குக் காலைல வராராம், மைக்குல சொல்லச் சொல்லிட்டுப் போயிருக்காரு."

"அதுக்குப் பேரு வேற என்னண்ணே? தப்பு பண்ணவன் எவன்தான் ஒத்துக்கிட்டான்? இன்னிக்கு இவனுக்கு எறங்கிப் போனா நாளைக்கு எல்லாரும் படியேறி வருவானுவ." அவன் சிரித்தான். "நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. நாளைக்குத்தானே வரான்? நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று ஜெயசீலனுக்குத் தெரியும். வேண்டாம் என்று அடித்துச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவன் கடையில் தொங்கிய போன் உறைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாத்து, பிரச்சன ஆகாம" என்று முனகிவிட்டு வீட்டுக்குப் போனான்.

காலையில் செல்லதுரை வந்தார். சலவை வேட்டி கட்டியிருந்தார். பக்கத்தில் நரைத்த மீசையோடு நின்றவர் ராசாங்கமாகத்தான் இருக்க வேண்டும். ஜெயங்கொண்டம் பஸ் நிற்கிற இடத்தில் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே இரண்டு பேரும் நின்றார்கள். செல்லதுரை மேலே பார்த்து லேசாகத் தலையசைத்தார். டீக்கடையில் அறிவரசனும் அவன் ஆட்களும் டம்ளர்களைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜெயசீலன் மைக்கைப் போட்டான். துறையூர் பஸ்ஸை அறிவித்தான். பிறகு அரியலூர் பஸ்ஸை. பிறகு ஜவுளிக்கடை விளம்பரத்தை முழுசாகப் படித்தான். ராசாங்கம் செல்லதுரையைத் திரும்பிப் பார்த்தார். செல்லதுரை, இப்போது சொல்லுவார் என்பதுபோல் கையால் அமர்த்தினார். டீக்கடைக் கூட்டம் எழுந்து நடக்க ஆரம்பித்தது.

அதைப் பார்த்ததும்தான் அவனுக்கு வாய் திறந்தது. "அரும்பாவூர் செல்லதுரை அவர்கள பத்தி நான் சொன்னது தப்புங்க. துப்புனவன் வேற ஆளு. பையப் பாத்துட்டு ஒரு பெரிய மனுசன் பேரச் சொல்லிப்புட்டேன். தப்பு என்னோடது. எல்லாரும் கேட்டுக்கங்க. அவரு என்ன மன்னிக்கணும்."

குரல் நடுங்கியது. அந்த நடுக்கம்தான் கெடுத்தது.

"பாத்தியாடா, அண்ணன எப்பிடி மெரட்டி வச்சிருக்கான்" என்று கீழே ஒருத்தன் சொன்னான். அதற்குள் சுற்றி வளைத்துவிட்டார்கள். பஸ்ஸுக்கு நின்ற ஜனங்களும் வேடிக்கை பார்க்க நெருங்கினார்கள். ஒருத்தன் செல்லதுரையின் தோளில் கிடந்த துண்டை உருவினான். ராசாங்கம் ஒரு அடி பின்னால் போனார். அப்புறம் இன்னொரு அடி போனார்.

"விடுங்கடா அவர. அறிவரசா, விடு. நான் மனசாரத்தான் சொல்றேன்." ஒலிபெருக்கி அலறியது. அறிவரசன் அண்ணாந்து பார்த்து, நாங்கள் இருக்கிறோம் என்று கையைக் காட்டினான்.

ஜெயசீலன் மைக்கை அப்படியே போட்டுவிட்டுப் படியில் ஓடினான். முத்தாயி ஏற்கெனவே கூட்டத்துக்குள் புகுந்து, "இவரு இல்லடா அது, என்னயத்தானே பேசுனான், எனக்குத் தெரியாதா" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவளை யாரோ பின்னுக்குத் தள்ளினார்கள். இவன் ஆட்களை இடித்துக்கொண்டு நடுவில் போய்ச் சேர்ந்தபோது செல்லதுரையின் கைகள் கூப்பியிருந்தன. சட்டையில் மேல் பொத்தான் இல்லை.

"பொம்பளைங்ககிட்ட… மரியாதையா நடந்துக்குவேன்" என்று அவர் போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவருக்குப் பின்னால் ஜெயங்கொண்டம் பஸ் கிளம்பியது. அதன் படியில் ராசாங்கம் நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"இவரு இல்ல" என்று ஜெயசீலன் மூச்சு வாங்கக் கத்தினான். "இவரு அன்னிக்கு இந்த ஊருக்கே வரல. நான்தான் பொய்யாப் பேர் சொன்னேன். என்னப் புடிங்கடா. என்ன எடுங்க."

அறிவரசன் போனை அவன் பக்கம் திருப்பி முழுசும் எடுத்தான். பொறுமையாகக் கேட்டான். பிறகு நிறுத்திவிட்டு, ஜெயசீலனின் தோளில் அன்பாகக் கை போட்டான்.

"நீங்க பயந்துபோயிருக்கீங்கண்ணே. இந்த எடத்த மட்டும் வெட்டிடறேன்."

விரலால் இரண்டு தட்டுத் தட்டினான். சுற்றி நின்றவர்களின் சட்டைப் பைகளிலும் கைப்பைகளிலும் போன்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. செல்லதுரை கூப்பிய கையை இன்னும் இறக்கவில்லை. யாரும் அவரிடம் போதும் என்று சொல்லவில்லை.