ஐந்து பேர் அடித்த கற்பூரம்

1

அன்று ஸ்டேஷனில் இருந்தவர்கள்: உதவி ஆய்வாளர் ஜெயபிரியா, என் பேரன் கோகுல்ராஜ், ஆடு திருடியதாக அவனோடு பிடிபட்ட பங்காளி வீட்டுப் பையன்கள் நால்வர், கோகுலின் தாயும் என் மருமகளுமான சுமித்ரா, பச்சியப்பனாகிய நான். ஆட்டைப் பறிகொடுத்த மாது என்பவர் அங்கில்லை. தலையில் அடிபட்டு, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

கதை அங்கே பிறந்தது. எழுதக் கூசுகிறது.

2

முதல் தொடக்கம்: ‘ஏரியூர்ப் பக்கம் ஒரு மானமுள்ள குடும்பத்துப் பையன், கெட்ட சகவாசத்தால்…’

[அடித்துவிட்டேன். எந்தச் சகவாசம்? ஐவருக்கும் ஒரே குலதெய்வம். வெளியாள் ஒருவன்கூட இல்லை.]

3

இரண்டாம் தொடக்கம். ஜெயபிரியா கேட்டார்: “ஒருத்தன் காலேஜ், ஒருத்தன் ஓசூர் கம்பெனி, ஒருத்தன் பெங்களூர்ல பெயிண்டர். எப்பிடிடா ஒண்ணு சேந்தீங்க?”

கோகுல் என்னைப் பார்த்தான். “தாத்தாதாங்க சேத்து வெச்சாரு. கோயில்ல.”



[வாசகருக்கு: மூன்று வருடம் முன்பு பங்காளிகளான எங்களுக்குள் வரப்புத் தகராறு போலீஸ்வரை போனது. அந்த அவமானத்தில், குலதெய்வப் பூசையன்று வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளையை நிறுத்தி, எரியும் கற்பூரத்தை அடிக்கவைத்துச் சத்தியம் வாங்கினேன். பங்காளியைப் பங்காளி வெளியில் காட்டிக்கொடுக்கக் கூடாது. மானத்துக்கு வேலி என்று நினைத்தேன். ஆடு திருடப் போகிறவனுக்கு வாய் திறக்காத கூட்டாளிகளைத் தயார் செய்து கொடுத்திருக்கிறேன். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவுக்கு என் அப்பாவின் பெயர்.]

4

மாதுவை அடித்தது யார் என்றதற்கு ஐவரும் ஊமையாக நின்றார்கள்.

“பெரியவரே, உங்க சத்தியத்த நீங்களே எடுத்துட்டாத்தான் பேசுவானுங்க” என்றார் ஜெயபிரியா.

முடிவு அ: பெரியவர் எழுந்து, சத்தியம் முறிந்தது என்கிறார்.

முடிவு ஆ: பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே…

[இரண்டும் நடக்கவில்லை. முதலாவதில் நான் இருப்பதைவிட நல்லவன். இரண்டாவதில் இருப்பதைவிடத் துணிந்தவன்.]

நடந்தது: நான் தரையைப் பார்த்தேன். சுமித்ரா எழுந்தாள்.

“பொம்பளைங்கள நீங்க கற்பூரம் அடிக்கச் சொல்லலீங்க மாமா” என்றாள். பிறகு ஜெயபிரியா பக்கம் திரும்பி, “ரெத்தச் சட்டைய நாந்தான் தொவச்சேன் மேடம். நாந்தாம்மா அடிச்சேன்னு எம்மவனே சொன்னான்.”

கோகுல் அழவில்லை. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

5

மாது இன்னும் கண் விழிக்கவில்லை. அதனால் இதற்கு முடிவு எழுத எனக்கு உரிமையில்லை.

பச்சியப்பன் நியாயத்துக்காகப் பேரனையே காட்டிக்கொடுத்தார் என்று ஊரில் பெருமையாகப் பேசுகிறார்கள். தவறு. நான் வாய் திறக்கவில்லை. சொன்னவள் சுமித்ரா.