அவ்வளவு பெரிய மனுஷர்

...ராக்கெட் விட்டவருக்குப் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன தெரியும், நேராகக் கேட்டுவிட வேண்டியதுதான், என்று மாம்பழச் சாலையில் துறையூர் பஸ் ஏறும்போது ஜோதி டீச்சர் முடிவு செய்திருந்தாள், கொள்ளிடம் பாலம் தாண்டுவதற்குள் அது ஆட்டம் கண்டுவிட்டது... யாரிடம் கேட்பது? இருபது பிள்ளைகள்கூட இல்லாத பள்ளிகளைப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று டிவியில் சிரித்துக்கொண்டே சொன்ன விஞ்ஞானி முருகானந்தமா பத்து மணிக் கூட்டத்துக்கு வரப்போகிறார்? வரப்போவது அவளுடைய பதினேழு பிள்ளைகளின் பெற்றோர். சம்மதம் என்று அவர்கள் கையெழுத்துப் போட்டால் பள்ளி இந்த வருடத்தோடு சரி, ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் மெயின் ரோட்டைத் தாண்டி நாலு கிலோமீட்டர் போக வேண்டும், இது பெரிய விஞ்ஞானியின் யோசனை என்று லாரிக்காரன் பிரேக் போடுவானா... காலையில் இட்லி இறங்கவில்லை, கண்டக்டர் மீதிச் சில்லறை தந்தாரா, தந்தார்.

மண்ணச்சநல்லூர் வந்துவிட்டது, அரிசி ஆலைகளின் நெல் வேகும் வாடை, ஜன்னலை மூடினாள், திறந்தாள். வெள்ளையம்மாளின் மகன் மூன்றாம் வகுப்பு. அவள் நேற்று போனில் சொன்னதுதான் காதைவிட்டுப் போகவில்லை. "அவ்வளவு பெரிய மனுஷர் சொல்றாருங்க டீச்சர், அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போவுது?" எங்கோ கேட்ட பேச்சு... எங்கே? சீ, தன் வாயில்தான். போன வருடம் இதே முருகானந்தம் மதுக்கடைகளை மூடச் சொன்னார், அவள் அவர் படத்தை வகுப்புச் சுவரில் மாட்டி, இதே பெற்றோரை உட்காரவைத்து, இதே வார்த்தைகளைத்தான் முழங்கினாள். ஊர்க் கடையை மூடச் சொல்லி மனு, கையெழுத்து மளமளவென்று விழுந்தது, முதல் கையெழுத்து வெள்ளையம்மாள், அதற்காகப் புருஷன் இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. மதுக்கடை கெடுதல் என்று சொல்ல ராக்கெட் விட்டிருக்க வேண்டுமா என்ன? வெள்ளையம்மாளுக்குத் தெரியாத கெடுதலா? அவளைப் பேசவிட்டிருந்தால் போதுமே, ஏன் விடவில்லை... தனக்குப் பிடித்ததைச் சொன்னால் மேதை, பிடிக்காததைச் சொன்னால் இவருக்கு என்ன தெரியும், நன்றாக இருக்கிறதடி ஜோதி உன் நியாயம்! அவளுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

பள்ளி இருக்கும் ஊர் வந்ததும் இறங்கினாள். வெள்ளையம்மாள் ஸ்டாப்பிலேயே நின்றுகொண்டிருந்தாள், வீட்டிலிருந்து இந்த ரோட்டைத் தாண்டித்தான் வந்திருப்பாள். "ராத்திரியெல்லாம் தூக்கமில்லீங்க டீச்சர். அவர் ஒண்ணு சொல்றாரு, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நான் யார் பேச்சைக் கேக்கட்டும், சொல்லுங்க." பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது, வெள்ளையம்மாள் தன்னை அறியாமல் ஜோதியின் கையைப் பிடித்து ரோட்டோரத்துக்கு இழுத்தாள். அவ்வளவுதானே, இந்த லாரிப் பயத்தைத்தானே இவள் கூட்டத்தில் சொல்ல வேண்டும்... ஆனால் ஜோதியின் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றதோ வேறு, நான் சொல்வதைக் கேள், பதினெட்டு வருடம் டீச்சராக இருக்கிறேன், எனக்குத் தெரியாததா உனக்கு...

வாயை மூடிக்கொண்டாள். வெள்ளையம்மாள் இன்னும் கையை விடவில்லை, பதிலுக்குக் காத்திருந்தாள்.