சிவப்பு டேப் சுற்றிய எல் கீ

அந்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் தெருமுனையில் திரும்பும்போதே கீச்சென்று கத்தியது. பட்டறைக்குள் டீ குடித்துக்கொண்டிருந்த மெக்கானிக், டம்ளரைக் கீழே வைக்காமலே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: பெல்ட் டென்ஷனர் இறுகிவிட்டது. அவருக்குக் 'காது' என்று பட்டப்பெயர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் ஒரு நுனியை இன்ஜினிலும் மறு நுனியைக் காதிலும் வைத்து, உள்ளே எந்த பேரிங் அழுகிறது என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதுதான் வினையே. சரியாகவே சொல்லிப் பழகிய மனுஷனுக்கு, தன் பக்கமும் தப்பு இருக்கலாம் என்கிற நினைப்பு மருந்துக்கும் வருவதில்லை.

காரை ஓட்டி வந்தவர் ஒரு பல் டாக்டரம்மா. போன மாதம்தான் இங்கே புது பெல்ட் போட்டுக்கொண்டு போயிருந்தார். பெல்ட் சத்தம் போடுகிறது, போதாக்குறைக்கு பேட்டரி விளக்கும் எரிகிறது என்றார். காது கொஞ்சமும் யோசிக்கவில்லை. பெல்ட் போட்டது தன் மச்சான் என்றும், அவன் வேலை லட்சணம் இதுதான் என்றும், அதனால்தான் அவனை அனுப்பிவிட்டதாகவும் மளமளவென்று ஒப்பித்தார்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அவன் போனதற்குக் காரணம் வேறு. அந்த பெல்ட் மாற்றிய அன்று சாயங்காலம், போல்ட் திருகும் வளைந்த கம்பிச் சாவிகளான காதின் எல் கீ செட்டில் ஒன்று காணவில்லை. மனைவி ஆசையாக வாங்கிக் கொடுத்த செட் அது. ஒவ்வொன்றுக்கும் தன் கையாலேயே சிவப்பு டேப் சுற்றி வைத்திருந்தார். வந்ததே கோபம்! பட்டறை நிறைய ஆட்கள் காத்திருக்க, மச்சானின் பையைப் பிடுங்கி மேஜைமேல் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ், ஒரு மாற்றுச் சட்டை, பல் உடைந்த சீப்பு. அவ்வளவுதான் இருந்தது. அத்தோடு விட்டாரா? இவனுக்குக் கை நீளம், வெளியே எவனிடமோ தள்ளிவிட்டிருப்பான் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். மச்சான் சீப்பையும் டிபன் பாக்ஸையும் பொறுக்கி எடுத்தான். சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டான். இப்போது அடுத்த தெரு டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறான். அக்கா வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அக்காவும் புருஷனுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறாளே தவிர, முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் காது டயர் கடைக்கு போன் போட்டார். உன் கைவேலையை நீயே வந்து பார் என்றார். வேறொருத்தனாக இருந்தால் போனை வைத்திருப்பான். ஆனால் தான் கை வைத்த வண்டி திரும்பி வந்துவிட்டது என்றால் மச்சானுக்கு இருப்புக்கொள்ளாது. டயர் கரி படிந்த கையோடு வந்து வாசலோரமாக நின்றான்.

இந்த காரில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. சீட்டை முன்னே தள்ளி, கம்பளத்தைத் தூக்கி, மூடியைக் கழற்றினால்தான் பெல்ட் கண்ணில் படும். காது தலையை அந்தச் சந்துக்குள் நுழைத்துக்கொண்டார். உடம்பின் மிச்சம் தெருவைப் பார்த்து நின்றது. சோதனை ரொம்பச் சுலபம். டென்ஷனர் என்பது பெல்ட்டைத் தொய்யவிடாமல் ஸ்பிரிங் பலத்தால் அழுத்திக்கொண்டே இருக்கும் ஒரு கை. ஸ்பேனர் போட்டு நெம்பினால் அசைந்து கொடுக்க வேண்டும், விட்டால் திரும்பி வர வேண்டும். இல்லையென்றால் இறுகிவிட்டது என்று அர்த்தம். நெம்பினார். அசையவில்லை.

"பாத்தியா? கல்லு மாதிரி நிக்குது," என்றார் உள்ளேயிருந்து.

துரு இருக்கிறதா என்று பார்க்க விரலை டென்ஷனர் கையின் பின்பக்கம் விட்டுத் தடவினார். வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பினார். சிவப்பு டேப்.

பெல்ட் மாட்டும்போது டென்ஷனரை நெம்பி, அது திரும்பி வராமலிருக்க அங்குள்ள ஓட்டையில் ஒரு கம்பியைச் சொருகி வைப்பார்கள். மாட்டி முடித்ததும் உருவிவிட வேண்டும். யார் சொருகினார்கள் என்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. "தள்ளு, உனக்கு இது வராது" என்று மச்சானை ஓரங்கட்டிவிட்டு, கைக்குக் கிடைத்த எல் கீயைச் சொருகி, பெல்ட்டை மாட்டி, பேசிக்கொண்டே மூடியைப் போட்டவர் சாட்சாத் இவரேதான். புது பெல்ட் இத்தனை நாள் எப்படியோ சமாளித்து, இப்போது தொய்ந்து கத்துகிறது.

காதுக்கு அந்தச் சந்துக்குள்ளேயே வியர்த்துக் கொட்டியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கவிழ்த்த பையும் அந்தச் சீப்பும் கண்முன் வந்து நின்றன. ஆனாலும் பாருங்கள், மனுஷ புத்தி! வெளியே இருப்பவர்களுக்குத் தன் முதுகு மட்டும்தான் தெரிகிறது என்பதும் அதே நொடியில் அவருக்கு உறைத்தது. ஸ்பேனரை முழு பலத்தோடு நெம்பி, எல் கீயை உருவி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அடைபட்டிருந்த டென்ஷனர் கை 'தட்' என்று பெல்ட்டில் போய் உட்கார்ந்தது.

தலையை வெளியே எடுத்து, லேசாகத் துரு பிடித்திருந்தது, இப்போது விட்டுவிட்டது என்று பூசி மெழுகினார். இன்ஜினை ஸ்டார்ட் செய்தார்கள். சத்தமே இல்லை. டாக்டர் மச்சானின் பக்கம் திரும்பி, இனிமேலாவது கவனமாக வேலை செய்யுங்கள் தம்பி என்று நல்ல மனதோடுதான் சொன்னார்.

மச்சான் காதின் சட்டைப் பையைப் பார்த்தான். கம்பி உருவிய டென்ஷனரின் சத்தம் தொழில் தெரிந்தவனுக்குத் தெரியாதா?

"சரிங்க மேடம்," என்றான்.

அந்த ஒரு வார்த்தையை மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார்.  எல் கீயை எடுத்து காரின்மேல் வைத்தார்.

"இது என் தப்புங்க டாக்டரம்மா. இதை உள்ளயே விட்டு மூடுனது நான். தம்பி அந்த பெல்ட்டைத் தொடவே இல்ல."

தினமும் இரண்டு வேளை பல் தேய்க்கிறேன் என்று சாதிக்கும் நோயாளியைப் பார்ப்பதுபோல டாக்டர் அவரைப் பார்த்தார். காரின்மேல் இருந்த எல் கீயை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போனார். மச்சான் எல் கீயைத் தொடக்கூட இல்லை. அது காதின் கையிலேயே இருந்தது.

"அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான்.

காது அப்போதே மனைவிக்கு போன் செய்தார். தட்டுத்தடுமாறி முழுவதையும் சொன்னார். மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அன்னைக்கு பட்டறை நிறைய ஆளுங்களை வச்சுக்கிட்டு அவனைத் திருடன்னு சொன்னீங்க. இன்னைக்கு எத்தனை பேர் இருந்தாங்க?"

"டாக்டரம்மா ஒருத்தங்கதான்."

மனைவி போனை வைத்துவிட்டாள்.

காது பட்டறையைத் திறந்தது திறந்தபடியே போட்டுவிட்டு அடுத்த தெருவுக்கு நடந்தார். டயர் கடையில் நல்ல கூட்டம். லாரி டிரைவர்கள், ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த பெண்கள், அன்றைக்கு இவர் பட்டறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ஆட்களில் இரண்டு மூன்று பேர். மச்சான் குனிந்து ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தான். காற்றடிக்கும் கம்ப்ரஸர் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் எதைச் சொன்னாலும் பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடக் கேட்காது. சொன்ன மாதிரியும் இருக்கும், யாருக்கும் கேட்காத மாதிரியும் இருக்கும். அந்த எண்ணம் வந்ததற்கே காதுக்கு இன்னும் வெட்கமாகிப்போனது.

கடைக்காரரிடம் போய், எல் கீயைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணே, அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

கம்ப்ரஸர் நின்றது. மச்சான் நிமிர்ந்து பார்த்தான்.